கம்பஸில் ஒரு பாடம் பெயில்: திருகோணமலைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிசல்ட்ஸ் வந்த கிழமையில் என் போன் ஓயாது. காரணம் எளிது: நானும் இரண்டாம் வருடத்தில் புள்ளிவிபரவியலில் பெயிலானவள். அது உவர்மலையில் பாதிப் பேருக்குத் தெரியும். இப்போது டவுனில் வேலை, பின்னேரத்தில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு. என்னிடம் படித்துக் கம்பஸ் போனவர்கள் பெயிலானதும் முதலில் எனக்குத்தான் எடுப்பார்கள், வீட்டுக்கு அல்ல. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்களில் பலர் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள். விதிகள் பீடத்துக்குப் பீடம் கொஞ்சம் மாறும். நீங்கள் சேர்ந்த வருடத்து மாணவர் கைநூல்தான் உங்களுக்குச் சட்டம். சீனியர் சொன்னது, பக்கத்து அறைக்காரன் சொன்னது, நான் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயில் என்றால் எது? ஈ மட்டும்தானா?

பெறுபேற்றுத் தாளில் 'பெயில்' என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுத்துத்தான் இருக்கும். ஏ என்றால் 4.0, பி என்றால் 3.0, சி என்றால் 2.0, டி என்றால் 1.0, ஈ என்றால் பூச்சியம். இடையில் பிளஸ், மைனஸ். நமக்குத் தலையிடி தருவது சி மைனஸ் (1.7), டி பிளஸ் (1.3), டி மூன்றும்தான். ஈ என்றால் சந்தேகமே இல்லை, திரும்ப எழுத வேண்டும். இந்த மூன்றையும் சில பீடங்கள் ஒரு அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும், மொத்தச் சராசரி 2.00 இருந்தால் போதும் என்று விட்டுவிடும். சில பீடங்களில் சிக்குக் கீழே எதுவும் சித்தி இல்லை. கைநூலில் பட்டம் பெறத் தேவையான தகைமைகள் என்ற பகுதியில் இது இருக்கும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு பாடத்துக்குள்ளேயே துண்டுகள் உண்டு: இடைக்கால மதிப்பீடு, செய்முறை, அரையாண்டு இறுதிப் பரீட்சை. மொத்தப் புள்ளி தேறியும், செய்முறையில் தனியாகத் தேறவில்லை என்று நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. எந்தத் துண்டில் விழுந்தீர்கள் என்று தெரியாமல் அடுத்த வேலை தொடங்க வேண்டாம். விரிவுரையாளரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. அடுத்த அரையாண்டுக்குப் போவீர்கள், இந்தப் பாடம் முதுகில் மூட்டையாகக் கூடவே வரும். மருத்துவம் சார்ந்த படிப்புகளில் மட்டும் கதை இறுக்கம்: ஒரு கட்டப் பரீட்சையை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்கு விடமாட்டார்கள். விஞ்ஞானப் பாடங்களில், முதல் பகுதியில் தேறினால்தான் இரண்டாம் பகுதி எடுக்கலாம் என்று இருக்கும் பாடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பீட் எப்போது எழுதலாம்?

அந்தப் பாடம் அடுத்த முறை நடக்கும்போது. அதாவது அநேகமாக ஒரு வருடம் கழித்து, ஜூனியர் பட்சோடு.

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். ரிப்பீட் எழுதத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தானாகப் பெயர் சேராது. படிவம், துறைத்தலைவரின் கையெழுத்து, பணம் கட்டிய வங்கிப் பற்றுச்சீட்டு, கடைசித் திகதி. நான் விடுமுறையில் மூதூரில் வீட்டில் இருந்தேன். அறிவித்தல் போட்டதை ஒரு தோழி வட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'இன்னும் பத்து நாள் இருக்கு' என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகத்துக்குள் போய் 'ரிப்பீட் படிவம் தாங்க' என்று வாய் திறந்து கேட்க வெட்கம். பத்தாம் நாள் காலையில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போதே மணி பத்தரை. துறைத்தலைவர் கொழும்பில் கூட்டத்துக்குப் போய்விட்டார். கையெழுத்து இல்லை. கிளார்க் அக்கா படிவத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, 'தங்கச்சி, நேற்று வந்திருக்கலாமே' என்றார். அவரில் பிழை இல்லை.

அந்த ஒரு நாளுக்கு விலை ஒரு வருடம். பரீட்சையில் தேற எனக்குப் போதாமல் போனது ஆறு புள்ளிதான். ஆறு புள்ளி என்னை வீழ்த்தவில்லை, திகதிதான் வீழ்த்தியது. எனக்கு எடுக்கும் பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் இதே கதை. ஆகவே ரிசல்ட்ஸ் வந்த அன்றே பீட அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இந்தப் பாடத்துக்கு ரிப்பீட் விண்ணப்பம் எந்த மாதம் கூப்பிடுவீர்கள்?'

ரிப்பீட்டில் ஏ எடுத்தால் ஏ போடுவார்களா?

இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் வழக்கம், ரிப்பீட்டில் 90 புள்ளி எடுத்தாலும் தாளில் விழுவது சி, அதாவது 2.0. இதைக் கேட்டதும் பிள்ளைகள் இடிந்துபோவார்கள். ஒரு கடதாசி எடுங்கள், கணக்குப் பார்ப்போம்.

ஓர் அரையாண்டில் ஐந்து பாடம், ஒவ்வொன்றின் எடையும் 3 கிரெடிட் என்று வையுங்கள். ஏ, பி பிளஸ் (3.3), பி, சி பிளஸ் (2.3), டி. ஒவ்வொன்றின் பெறுமதியையும் 3 ஆல் பெருக்கினால் 12, 9.9, 9, 6.9, 3. கூட்டினால் 40.8. அதை 15 ஆல் பிரித்தால் 2.72. இப்போது டியை ரிப்பீட் எழுதி சி ஆக்குங்கள். 3 இருந்த இடத்தில் 6. கூட்டுத்தொகை 43.8, சராசரி 2.92.

சரி, ரிப்பீட் என்பதால் இழந்தது எவ்வளவு? முதல் தரமே பி எடுத்திருந்தால் அந்த இடத்தில் 9 வந்திருக்கும். வித்தியாசம் 3. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். 3 ஐ 120 ஆல் பிரித்தால் 0.025. மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட் என்றால் 0.033. இரண்டு கிழமை சாப்பிடாமல் கிடந்தது இந்தத் தசமத்துக்குத்தான். எழுதாமல் விட்டால்தான் ஆபத்து: அந்த ஈ பூச்சியமாகவே கிடக்கும், பட்டமும் வராது.

அப்போ கிளாஸ்?

முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00. இவைதான் பொதுவான எல்லைகள். மேலே பார்த்தபடி ஒரு பாடம் சராசரியைப் பெரிதாக இழுக்காது. ஆனால் கிளாஸ் தருவதற்குச் சராசரி மட்டும் பார்க்க மாட்டார்கள். உரிய காலத்துக்குள் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றும், ஈ இருக்கக் கூடாது என்றும் நிபந்தனைகள் வைப்பார்கள். முதலாம் வருடத்தில் விழுந்ததை இரண்டாம் வருடத்திலேயே எழுதி முடித்தவருக்குக் காலம் மிச்சம் இருக்கிறது. கடைசி வருடத்தில் விழுந்தால் கிளாஸ் கஷ்டம்தான், பொய் சொல்லி என்ன செய்ய.

பரீட்சை அன்று டெங்குக் காய்ச்சல். போகவில்லை. அதுவும் பெயிலா?

மெடிக்கல் கொடுத்து அது ஏற்கப்பட்டால் பெயில் இல்லை. அடுத்த முறை எழுதும்போது முதல் தரம் எழுதுவதாகவே கணக்கு. ஆகவே சி என்ற அந்த மூடியும் இல்லை, ஏ எடுத்தால் ஏதான். மெடிக்கல் கொடுக்காமல் வீட்டில் கிடந்தால், வராதவர் என்று பதிந்து ஒரு வாய்ப்பையும் கழித்துவிடுவார்கள்.

அரச வைத்தியசாலைச் சான்றிதழ் என்றால் கேள்வி குறைவு. தனியார் டொக்டரின் துண்டைக் கொண்டுபோனால் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி பார்த்து ஒப்ப வேண்டும் என்பார்கள். வாட்டில் படுத்திருந்தால் அம்மாவையோ அறைத்தோழியையோ அன்றைக்கே பீடத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். மெடிக்கலுக்கும் நாள் கணக்கு உண்டு. நன்றாகக் குணமாகி, நிறம் வந்து, ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோகும் மெடிக்கலை யாரும் வாங்க மாட்டார்கள்.

பாடம் படிக்கவில்லை என்று மெடிக்கல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: என்னிடம் கேட்காதீர்கள்.

வரவு 80 சதவீதம் இல்லை என்று பரீட்சைக்கே விடவில்லை.

அந்த விதி உண்மையானது, கடுமையானது. பெயிலானவர் ஒரு தரம் எழுதியாவது பார்த்தார், உங்களுக்கு அதுவும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். சீசன் காலத்தில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் நல்ல காசு, காலை எட்டு மணி லெக்சர் மறந்துபோகும். வீட்டு நிலைமை அப்படி என்றால் மாணவர் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு நிச்சயம் தெரியும், நான் நன்றாகத்தான் எழுதினேன். பேப்பரைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாமா?

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பணம் கட்ட வேண்டும், இதற்கும் குறுகிய திகதிதான். புள்ளி கூட்டியதில் பிழை, பார்க்காமல் விட்ட விடை, ஏட்டிலிருந்து பட்டியலுக்கு மாற்றும்போது தவறு, இவற்றைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். 'இந்தக் கட்டுரைக்கு இன்னும் நாலு புள்ளி போட்டிருக்கலாம்' என்ற வாதம் அங்கே எடுபடாது. விடைத்தாள்களை இரண்டு பேர் பார்ப்பது வழக்கம், அதனால் பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மற்றப் பாடமெல்லாம் பி, இதில் மட்டும் ஈ என்று ஒட்டாமல் நின்றால், கட்டாயம் போடுங்கள்.

ஏ.எல்.லில் மூன்று ஏ எடுத்தவள் நான். எப்படிப் பெயிலானேன்?

இந்தக் கேள்வி வரும்போது மறுமுனையில் அழுகைச் சத்தமும் சேர்ந்து வரும்.

நீங்கள் பதின்மூன்று வருடம் தமிழில் படித்தீர்கள். கம்பஸ் போன மூன்றாம் கிழமையில் பாடம் ஆங்கிலத்தில். விளங்காததால் அல்ல, விளங்கியதை எழுதத் தெரியாததால் புள்ளி போகிறது. என் புள்ளிவிபரவியல் விடைத்தாளில் கணக்குகள் எல்லாம் சரி. 'இந்த முடிவிலிருந்து என்ன விளங்கிக்கொள்கிறீர்கள்' என்ற பகுதியில் ஒரு வரி எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, திரும்ப வெட்டி, கடைசியில் வெட்டிய கோடுகள்தான் மிஞ்சின. ஒரு பக்கம் முழுக்க நீலக் கோடு. அதற்குத்தான் அந்த ஆறு புள்ளி.

இதற்கு நம் கம்பஸ்களில் கைகண்ட மருந்து குப்பி. தெரிந்த ஒருவர் தெரியாத பத்துப் பேரை உட்கார வைத்து, பரீட்சைக்கு முன் பழைய பேப்பர்களைத் தாய்மொழியில் பிரித்துக் காட்டுவது. குப்பி விளக்கை வைத்து வந்த பெயர் என்பார்கள். குப்பியில் ஒரு பலவீனமும் உண்டு: தமிழில் கேட்டு, தமிழில் விளங்கி, 'ஆ, இவ்வளவுதானா' என்று எழும்பிப் போய்விடுவோம். பரீட்சை மண்டபத்தில் திரும்ப அதே நீலக் கோடு. அதனால் குப்பி முடிந்த இரவே ஒரு கேள்விக்காவது முழு விடையை ஆங்கிலத்தில் கையால் எழுதுங்கள். பிழை பிழையாக வரட்டும். சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே வில்லங்கம்தான். என் பட்சில் குருநாகல் பிள்ளை ஒருத்தியும் நானும் விடைகளை மாற்றித் திருத்தினோம். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை, ஆனால் மற்றவளின் பிழை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஆங்கிலப் பாடம் சராசரியில் சேராது என்று அதை அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்கு: சேராவிட்டாலும் பட்டத்துக்கு அதில் தேற வேண்டும் என்று பல பீடங்களில் இருக்கிறது. எல்லாம் முடித்து ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மஹாபொல உதவித்தொகை நிற்குமா?

ஒரு பாடத்துக்காகப் பதற வேண்டியதில்லை. வருடமே பின்தள்ளப்பட்டால் நின்றுபோகலாம். மாணவர் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள், அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

சிலபஸ் மாறிவிட்டது. நான் பெயிலான பாடமே இப்போது இல்லை!

இது பெரிய தலையிடி, ஆனால் தீர்வு உண்டு. பழைய பாடத்துக்கு ஈடாகப் புதிய பாடம் எது என்று துறை முடிவு செய்யும், அல்லது பழைய சிலபஸுக்குத் தனிப் பேப்பர் வைக்கும். எதுவானாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 'சேர் பார்த்துக்கொள்வோம் என்றார்' என்று நம்பியிருந்தால், அந்த சேர் பிஎச்டிக்கு வெளிநாடு போன பிறகு உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது.

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். உம்மாவுக்குச் சொல்லவில்லை. வாப்பா சவூதியில். சொல்லத்தான் வேண்டுமா?

தங்கச்சி, சொல்லுங்கள். ஆனால் 'உம்மா, நான் பெயில்' என்று தொடங்காதீர்கள். உம்மாவின் காதில் அது ஓ.எல். பெயில் மாதிரி விழும், படிப்பே போய்விட்டது என்று நினைப்பார். 'நாற்பது பாடத்தில் ஒன்று திரும்ப எழுத வேண்டும். இன்ன மாதம் எழுதுவேன். அதற்கு இவ்வளவு காசு வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே செய்திதான்.

நான் ஆறு மாதம் மறைத்தேன். கடைசியில் கோணேசர் கோயில் படியில் வைத்து ஒரு மாமி, 'மகள் ரிப்பீட்டாமே' என்று அம்மாவிடம் கேட்டார். பெயிலானதற்கு அம்மா ஏசவில்லை. 'ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே' என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வீட்டுக்குச் சொல்ல முடியாத அளவுக்கு இருட்டாக இருந்தால், நித்திரை இல்லாமல் வேண்டாத எண்ணங்கள் வந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

விட்டுவிட்டு வெளிநாடு போகலாமா என்று யோசிக்கிறேன்.

போகலாம், உங்கள் வாழ்க்கை. ஆனால் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். எத்தனை தரம் எழுதலாம், மொத்தம் எத்தனை வருடத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும், இரண்டுக்கும் வரம்பு உண்டு. முறையாக விண்ணப்பித்தால் படிப்பை இடைநிறுத்தி வைக்க அனுமதி கிடைக்கலாம். சொல்லாமல் நின்றவரின் பதிவு காலாவதியாகும், பிறகு மூதவை (பல்கலைக்கழக செனட்) வரைக்கும் கடிதம் எழுத வேண்டிவரும்.

சிறப்புப் பட்டத்துக்குப் புள்ளி போதாவிட்டால் மூன்று வருடப் பட்டத்தோடு வெளியேறும் வழி பல பீடங்களில் உண்டு. நாட்டின் தகைமைச் சட்டகத்தில் 30 கிரெடிட்டுக்கு டிப்ளோமா, 60 கிரெடிட்டுக்கு உயர் டிப்ளோமா என்று படிகளும் இருக்கின்றன. இரண்டு வருடம் படித்துவிட்டு வெறுங்கையோடு போவதற்கு முன், உங்கள் பீடம் அதைத் தருகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைசி வருடம் முடிந்தது. ஒரு பாடம் மட்டும் மிச்சம். மற்றவர்கள் எல்லாம் பட்டமளிப்புக்குச் சேலை எடுக்கிறார்கள்.

தெரியும், அந்தப் படங்கள் பேஸ்புக்கில் வரும்போது போனைக் கவிழ்த்து வைத்த ஆள் நான்.

இங்கே கவனிக்க வேண்டியது பட்டம் செல்லுபடியாகும் திகதி. பட்டச் சான்றிதழில் அது இருக்கும். கடைசிப் பாடம் தேறும்வரை அந்தத் திகதி உங்களுக்கு வராது. அரசாங்கம் பட்டதாரிகளை ஆட்சேர்க்கும்போது 'இன்ன திகதிக்கு முன் பட்டம் பெற்றவர்கள்' என்று கூப்பிடுவதுதான் வழக்கம். ஒரு பாடத்துக்காக முழு ஆட்சேர்ப்பும் கைநழுவிப் போனவர்கள் உண்டு. அதனால் மிச்சமிருக்கும் ஒன்றை 'ஆறுதலாக எழுதலாம்' என்று ஒத்திவைக்காதீர்கள்.

விடுதி கிடைப்பது கஷ்டம். வெளி மாவட்டத்துப் பிள்ளை என்றால் அறை தேட வேண்டும். பரீட்சை மே முதல் செப்டெம்பருக்குள் வந்தால் அது நம் கரையில் சுற்றுலாக் காலம், நிலாவெளி வீதியில் அறைக்காரர்கள் நாள் கணக்கில்தான் வாடகை பேசுவார்கள். ஜூனியர்களிடம் சொல்லிவைத்தால் எங்காவது ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும்.

எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

திகதி, வரவு, மெடிக்கல் பற்றிச் சொன்னவை பொருந்தும். புள்ளி விதிகள் வேறு, உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள்.

ஜூனியர் பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் இருந்து எழுத வெட்கமாக இருக்கிறது அக்கா.

எனக்கும் அப்படித்தான். ஒரு வருடம் தள்ளிப்போனதால் எனக்கு இரண்டு பட்ச் கீழே. போகும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன். மண்டபத்தில் என் சுட்டெண் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் கொடுக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முன் மேசைப் பிள்ளை திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை. 'அக்கா, உங்களிட்ட ரெண்டு கல்குலேட்டர் இருக்கா? என்ட பெட்டரி செத்துப்போச்சு.'

இருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கொண்டுபோயிருந்தேன்.